பட்டாளத்துக்குப் போனவனுக்கு ஒரு பூசை

மகள் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு அழுகிறாள் என்பதை மரியஅந்தோணி அறிந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுக்கப் போன இடத்தில். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்புறம் ஆஷ்லின் உட்கார்ந்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் வெனிலாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

“முடிய ஒட்ட வெட்டிட்டாங்கடி. போட்டோ பாத்தியா? என்னால பாக்கவே முடியல... ஆமா, நேரா கேம்புக்குத்தான். பட்டாளம்னா சும்மாவா? போனு கூட வெச்சுக்க வுடமாட்டாங்களாம்... காத்துக்கினு இருப்பேன். ரெண்டு வருசமா ஓடாம நின்னுடப் போவுது? வேற இன்னா பண்றது சொல்லு.”

பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. மரியஅந்தோணி எடுத்த வேட்டியை மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டு, படியில் காலோசை எழாதபடி இறங்கிவந்தார்.

விழுப்புரத்துக்கு அடுத்த சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை நிறுத்தும் எடைமேடையில் அவர் எழுத்தர். வாரத்தில் ஆறு நாள் எடைமேடை, ஏழாம் நாள் கோயிலில் ஆர்மோனியம். இவ்விரண்டுக்கும் இடையில் கிடைத்த நேரமெல்லாம் பழைய பாட்டுக்குக் கொடுத்தவர். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்து ஒப்பாரிப் பாட்டுகளும் மனப்பாடம். கோயிலுக்கு வெளியே சங்கத்தார் பாடிவைத்த அகத்துறையும் மனப்பாடம். ஒரு பெண் காத்திருக்கிறாள் என்றால் அது முல்லை. கடலோரம் நின்று புலம்பினால் நெய்தல். இந்தப் பாகுபாட்டை அவர் படிப்பாகக் கொள்ளவில்லை, உலக நடப்பாகவே கொண்டிருந்தார். வேந்தனுடைய பாசறைக்குப் போனவன் கார்காலம் தொடங்குமுன் திரும்புவதாகச் சொல்லிச் செல்வான். அவள் மேகத்தைப் பார்த்துப் பார்த்து மெலிவாள். ஆகவே தொட்டிக்குப் பின்னால் கேட்ட பேச்சில் அவருக்கு ஐயம் எழ இடமே இருக்கவில்லை. துறை தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் துறை தம் வீட்டு மாடிக்கு வந்து நிற்கும் என்பதைத்தான் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் வேறு. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஷ்லினைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து ஒரு வீட்டார் வருவதாக இருந்தது. பையன் பெயர் இருதய அருண். ஒரகடத்துப் பக்கம் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில், காருக்கு உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை. தகப்பன் இல்லை, தாய் சூசையம்மாள்தான் எல்லாம். பெண் பார்ப்பதற்கு அவர்களுக்குள் ஒரு நயமான வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் மற்றவர்களைப் போலவே பூசைக்கு வந்து உட்காருவார்கள். பெண் பீடத்தருகே நன்மை அப்பம் வாங்க நடந்து போவதையும் வருவதையும் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவார்கள். யாருக்கும் முகம் முறியாது. இந்த ஏற்பாட்டை ஆஷ்லினிடம் சொன்னபோது, “வரட்டும்பா, பாக்கலாம்” என்றுதான் அவள் சொன்னாள். ஒருவனுக்காக அழுகிறவள் இன்னொருவனை ‘வரட்டும்’ என்பாளா? அகத்துறையில் இதற்கு இடமே இல்லை.

அடுப்படியில் மனைவியிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“ஞானம், புள்ள எதுனா சொன்னாளா?”

“இன்னா சொல்லணும்?” என்றாள் ஞானமேரி, கேப்பை மாவைக் கரைத்துக்கொண்டே.

“ஒண்ணுமில்ல. சரியா சாப்புடுறாளா?”

“மதியான டப்பாவ அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா. கேட்டா வயிறு சரியில்லன்றா. நீங்கதான் கேளுங்களேன்.”

“நீ கேளு. பொம்பளைங்க சமாச்சாரம்.”

“ஆமா, நான் கேட்டா உடனே சொல்லிடுவா. திண்டிவனத்துல துணிக்கடை மாடியில உக்காந்து இன்னா வேலை பாக்குறான்னு கேட்டதுக்கே, ‘உனக்குப் புரியாதும்மா’ன்னவதானே?”

அந்த வேலையும் மரியஅந்தோணிக்குச் சரியாக விளங்கியதில்லை. இன்ஜினியரிங் முடித்த பெண், நாள் முழுதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். வேலை முடிந்ததும் அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு வேறொரு கருவியைக் காதில் மாட்டிக்கொள்கிறாள். அதில் கொரியப் பாட்டு. ‘கேபாப்’ என்று அதற்கொரு பெயர் சொன்னாள். ஒருமுறை போனில் காட்டவும் காட்டினாள். மாம்பூப் போன்ற மஞ்சள் முடியோடு, உதட்டில் சாயமும் கண்ணில் மையுமாக ஐந்து பையன்கள், ஒரே நூலில் கட்டியவர்களைப் போல ஆடினார்கள். “கல்யாணத்துக்குப் பொண்ணுங்களா, மாப்பிள்ளைங்களா?” என்று ஞானமேரி கேட்டாள். ஆஷ்லின் அன்றிலிருந்து காட்டுவதில்லை.

மகளிடம் கேட்க நா எழவில்லை. மனைவியும் கேட்கப்போவதில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றால் அவருக்கு இருந்தது ஒரே வழி. மறுநாள் காலை, ஆலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குச் சென்று உபதேசியார் தேவசகாயத்தைப் பார்த்தார். பங்கில் யார் என்ன கருத்துக்குப் பூசை கேட்டாலும் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, பூசை தொடங்குமுன் மைக்கில் வாசிப்பவர் தேவசகாயம். ஒவ்வொரு கருத்தையும் வாசித்தவுடன் சபையார் அனைவரும், ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று ஒரே குரலில் பதில் சொல்வது அந்தக் கோயில் வழக்கம்.

“வெள்ளிக்கிழமை விடியக்கால பூசையில ஒரு கருத்து வெக்கணும், உபதேசியாரே.” வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு நாலைந்து கிழவிகளைத் தவிர யாரும் வருவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். “என் மக ஆஷ்லினுக்காகவும், பட்டாளத்துக்குப் போற ஒரு பையனுக்காகவும்னு சொன்னா போதும். பேரு வேணாம்.”

தேவசகாயத்தின் முகம் மலர்ந்தது. “ஓகோ. அப்படியா சங்கதி? பட்டாளத்து மாப்பிள்ளைன்னா கேன்டீன் சாமானெல்லாம் சல்லிசா வருமே.”

“மாப்பிள்ளைன்னு நான் சொன்னேனா?”

“நீங்க எங்க வாயத் தொறந்து சொல்லுவீங்க? நானா புரிஞ்சுக்க வேண்டியதுதான்.”

மரியஅந்தோணிக்கு மனச்சுமை பாதி இறங்கியதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு ஆலையில் விடியல் முறை வேலை. பூசைக்குப் போக முடியவில்லை. இந்நேரம் வாசித்திருப்பார்கள் என்று எடைமேடையில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டார். அன்று பங்குச் சாமியார் கூட்டம் ஒன்றுக்காகக் கடலூருக்குப் போய்விட்டார் என்பதும், நின்றுபோன பூசையின் கருத்துகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறின என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் அரக்குப் பட்டு உடுத்தியிருந்தவர்தான் சூசையம்மாள் என்று ஞானமேரி கண்ணால் காட்டினாள். ஆண்கள் பக்கத்தில் தூணோரமாக ஒல்லியான ஒரு பையன், புதுச்சட்டையின் கழுத்துப் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தான். மரியஅந்தோணி ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்தி, வருகைப் பாட்டுக்குச் சுருதி கூட்டினார். தேவசகாயம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். இறந்தோர் சிலருக்காகவும், தேர்வு எழுதுவோருக்காகவும், முழங்கால் வலி நீங்கவும் வாசித்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டார். கொடுத்த சொல்லை வெறும் சொல்லாக வாசிக்கும் பழக்கம் அவரிடம் என்றுமே இருந்ததில்லை.

“ஆலை மரியஅந்தோணி குடும்பத்தார், தங்கள் அன்பு மகள் ஆஷ்லினுக்காகவும், அவள் உள்ளத்துக்கு உகந்தவராய் இராணுவப் பணிக்குச் செல்லும் இளைஞருக்காகவும், அன்னார் நலமே திரும்பி வந்து மங்கலம் நிறைவேற...”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது சபை. சூசையம்மாளும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் மூடாமல் நின்றது. மரியஅந்தோணியின் விரல்கள் கட்டைகளின்மேல் அழுந்தியபடியே கிடக்க, ஆர்மோனியம் ஒரே சுரத்தில் நீளமாக அலறியது. பாடகர் குழுவுக்கு அதுவே பாட்டின் தொடக்கம் என்று பட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு இடத்திலிருந்து பாடத் தொடங்கினார்கள்.

பூசை முடிந்து மாதா சிலை நிற்கும் கெபியருகே சூசையம்மாள் அவர்களை நிறுத்தினார்.

“நல்லா இருக்கு உங்க வீட்டு நடப்பு. பட்டாளத்துக்கு ஒருத்தன், பாத்துக்கினு போறதுக்கு ஒருத்தனா? எம் புள்ள இன்னா இளிச்சவாயனா?”

“அம்மா, மெதுவா பேசும்மா. எல்லாம் பாக்குறாங்க” என்றான் அருண்.

“மைக்குல வாசிச்சாங்களே, அத வுடவா நான் கத்துறேன்?”

ஆஷ்லின் ஒன்றும் விளங்காமல் தகப்பனைப் பார்த்தாள். “எந்த பட்டாளம்பா? எந்தப் பையன்?”

“தொட்டியாண்ட பேசிக்கினு இருந்தியே...” அவர் தம் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார். “முடி வெட்டிட்டாங்கன்னு. காத்துக்கினு இருப்பேன்னு.”

ஒரு கணம் அவள் முகம் வெறுமையாக இருந்தது. அடுத்த கணம், கோயில் வளாகம் என்றும் பாராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூசையம்மாளின் முகம் கறுத்தது. ஆஷ்லின் சிரிப்பினூடே போனைத் திறந்து நீட்டினாள். அதில் பட்டாளத்துத் தொப்பியை மார்போடு பிடித்தபடி, ஒட்ட வெட்டிய தலையோடு, ஒரு வெளிநாட்டுப் பையன் வணங்கிக்கொண்டிருந்தான்.

அருண் எட்டிப் பார்த்தான். “அட, இவனா? அம்மா, எங்க கம்பெனி கேன்டீன் செவுத்துல ஒட்டி வெச்சிருக்காங்கம்மா இவன. ஜுன்சோல். பாட்டுக்காரன். அவங்க ஊர்ல எல்லாப் பசங்களும் பட்டாளத்துக்குப் போயித்தான் ஆவணும்.” சொல்லிவிட்டு அவனும் சிரிக்கத் தொடங்கினான். “இவனுக்கா பூசை வெச்சீங்க?”

“சிரிடா, சிரி” என்றார் சூசையம்மாள். “கண்காணாத கூத்தாடிக்கு அழுவுற பொண்ணு, நாளைக்கு அடுப்பு பத்தவெக்குமா? வா போவலாம்.”

ஞானமேரி நுரை பொங்க ஆற்றிவைத்திருந்த காப்பி அன்று அப்படியே ஆறியது.

வீட்டில் ஆஷ்லினின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, தலைப்பூவை ஒவ்வொரு சரமாகப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாமிகிட்ட கேட்டீங்க. உபதேசியார்கிட்ட கேட்டீங்க. மைக்கு வெச்சு ஊருக்கே சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலியாப்பா?”

அவர் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “அப்போ அந்தப் பையன் உனக்கு யாரும்மா?” என்று கேட்டார்.

“யாருமில்ல.”

“யாருமில்லாதவனுக்கா சாப்புடாம அழுவ?”

“ஆமா.” அவள் நிமிர்ந்தாள். “காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் யாருன்னே தெரியாதவங்க வியாதியக் கேட்டு டைப் அடிக்கிறேன்பா. இந்தக் கெழவருக்கு இன்னும் ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லுவாரு. கமா எங்க, புள்ளி எங்கன்னு பாத்துப் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போவணும். அந்தக் கெழவர் செத்தாரா பொழச்சாரான்னு எனக்கு யாரு சொல்லுவா? ரயில் ஏறுனா அந்தப் பாட்டு ஒண்ணுதான் காத கழுவி வுடுது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டின்னு அதக் கேட்டுக்கினேதான் மனுசியா வூடு வந்து சேர்றேன். அவன் போறான்னா அழுகை வராதா?”

மரியஅந்தோணி அதை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். காணாத ஒருவன்மேல் காதல் கொண்டு, ஊணும் உறக்கமும் துறந்து நிற்கும் பெண்ணை அவர் பாட்டில் கண்டிருக்கிறார். அந்த ஒருவன் இறைவனாய் இருந்தான். பாடியவர்களும் பக்தியில் பெண்ணாகிப் பாடினார்கள். மைதீட்டிய ஒரு கொரியாக்காரனுக்காக அதே உருக்கம் தம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதைக் கையெடுத்துக் கும்பிடுவதா, கண்டித்துத் திருத்துவதா?

காரியம் முறிந்தது என்றே அவரும் ஞானமேரியும் எண்ணியிருந்தார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சூசையம்மாளிடமிருந்து போன் வந்தது.

“அந்தோணி அண்ணே, எம் புள்ள கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்குனா வூட்டுக்கு வர்றதில்ல. நேரா ரயிலடி. உங்க பொண்ணு வண்டி ஏறுற வரைக்கும் அதுகூட பேசிக்கினு நிக்கிறானாம். பாத்தவங்கெல்லாம் என்கிட்ட வந்து ‘இன்னா மேட்டரு’ன்றாங்க. நான் இன்னான்னு சொல்லுவேன்? பட்டாளத்துக் கதை வேற திண்டிவனம் வரைக்கும் வந்துடுச்சு. பெரிய பேஜாராப் போச்சு.”

“நான் பொண்ண கேட்டுட்டு...”

“கேக்குறதுக்கு இன்னா இருக்குது? எந்த மைக்குல அசிங்கம் ஆச்சோ அதே மைக்குல சரியாவணும். ஆஷ்லினுக்கும் அருணுக்கும் நிச்சயம் ஆச்சு, அதுக்கு நன்றிப் பூசைன்னு வர்ற ஞாயித்துக்கெழமை வாசிக்கச் சொல்லுங்க. நானே வந்து என் காதால கேக்குறேன். வாசிச்சா, அன்னைக்கு வுட்ட காப்பிய வந்து குடிக்கிறேன். இல்லன்னா அவன வேற எடத்துல கட்டி வெச்சிருவேன், ஆமா.”

மரியஅந்தோணிக்கு மகிழ்ச்சி பொங்கியது. இம்முறை மகளிடம் கேட்பதென்று உறுதிசெய்து, அவள் ரயிலிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“அருணும் நீயும் பேசிக்கினு இருக்கீங்களாமே.”

“ஆமாம்பா. நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“அப்ப நிச்சயம் பண்ணிடலாமா?”

“அதுக்குள்ள எதுக்கு?”

“அப்ப வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“வேணாம்னு யாரு சொன்னா?”

“வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லலன்னா, நடுவுல இருக்கறதுக்கு இன்னாம்மா பேரு?”

ஆஷ்லின் யோசித்தாள். “டேட்டிங்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். பேரு வேணாம்பா.”

சூசையம்மாளின் நிபந்தனையைச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “அருண்கிட்ட பேசறேன்” என்றதோடு சரி. வெள்ளிக்கிழமை வரை முடிவு சொல்லவில்லை. வெள்ளியன்று ஆலை வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்.

ரயிலடியில் பெஞ்சு ஒன்றில் அருண் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தில் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் பதறி எழுந்தான்.

“வாங்க...” என்றவன், அடுத்த சொல் ‘அங்கிளா’, ‘மாமாவா’ என்று தவித்துவிட்டு, “...சார்” என்று முடித்தான். “உக்காருங்க சார். மல்லாட்டை எடுத்துக்குங்க.”

இருவரும் சற்றுநேரம் உரித்துத் தின்றார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “உங்களுக்கும் அந்தக் கொரியாப் பாட்டு ரொம்பப் புடிக்குமோ?” என்று கேட்டார் மரியஅந்தோணி.

“ஐயோ, எனக்கு அது ஆவவே ஆவாது சார். எங்க லைன்ல மதியானத்துக்கு மேல அதத்தான் போடுவாங்க. பாட்டு வந்துச்சுன்னா டார்கெட்ட ஏத்தப்போறாங்கன்னு அர்த்தம். ‘பல்லி பல்லி’ன்னு கத்துவாங்க, ஜல்தி ஜல்தின்னு அர்த்தமாம். அந்தப் பாஷை காதுல வுழுந்தாலே என் கை தானா நட்ட முறுக்கும்.”

“அப்ப அவகிட்ட இன்னா பேசுவீங்க?”

“சண்டதான் சார். நேத்துகூட சண்ட.”

அப்போது ஆஷ்லின் மேம்பாலப் படியிறங்கி வந்தாள். தகப்பனைப் பார்த்ததும் நின்றாள். “அப்பா! வேவு பாக்கவா வந்தீங்க?”

“மல்லாட்டை திங்க வந்தேன்.”

“அருண், ஒண்ணும் உளறலியே?”

“உன் பாட்டு புடிக்கலன்னு சொன்னேன். அதையும் சொல்லக்கூடாதா?”

“சொல்லு, சொல்லு. ஊருக்கே சொல்லு.” அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, காதுக்கருவியைத் தகப்பனிடம் நீட்டினாள். “நீங்க கேட்டுட்டு சொல்லுங்கப்பா. பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவன் தனியா பாடுனது. ஆட்டமெல்லாம் இல்ல.”

அவர் தயங்கி மாட்டிக்கொண்டார். முதலில் மணலைச் சலிப்பதுபோல் ஏதோ ஓசை. பின்பு ஒரு குரல். அடிக்கோடி சுரத்தில் தொடங்கி, மேலே ஏற மனமில்லாததுபோல் ஏறி, உச்சியில் நில்லாமல் சரிந்து இறங்கியது. பெரிய வெள்ளியன்று மரச்சிலுவை முன்பு கிழவிகள் இழுத்துப் பாடும் ஒப்பாரியும் இப்படித்தான் இறங்கும். அவர் தம்மையறியாமல் தொடையில் ஆர்மோனியக் கட்டைகளைத் தேடினார். இது எப்படி அவனுக்குக் கிடைத்தது? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

“இன்னாம்மா சொல்றான்?”

“மழைக்கு முன்னாடி வந்துடுவேன்றான். கீழ இங்கிலீஷ்ல அப்படித்தான் போட்டிருக்கான்.”

மரியஅந்தோணி கருவியைக் கழற்றி மகளை வெறித்துப் பார்த்தார்.

“சும்மா சொல்றான் சார்” என்றான் அருண். “அவங்க ஊர்ல லீவெல்லாம் குடுக்க மாட்டாங்க.”

“உன்ன யாரு கேட்டா?” என்றாள் ஆஷ்லின்.

ரயில் வருவதற்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நேராகவே கேட்டார். “ஞாயித்துக்கெழமை இன்னான்னு வாசிக்கச் சொல்லட்டும்? நிச்சயம்னா?”

“வாசிச்சா எனக்கு நல்லாத்தான் இருக்கும்” என்றான் அருண், மல்லாட்டைத் தோலைப் பார்த்தபடி.

“உனக்கு நல்லா இருக்கும். எனக்கு இன்னும் தெரியலியே” என்றாள் ஆஷ்லின். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். “இவன் புடிக்கலன்னா புடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான்பா. அது எனக்குப் புடிச்சிருக்குது. அதுக்காக உடனே கழுத்த நீட்டிட முடியுமா? இன்னும் கொஞ்ச நாள் சண்ட போட்டுப் பாக்கணும். நிச்சயம்னு பொய்யா வாசிச்சீங்கன்னா, நாளைக்கு நான் நெசமா சொல்றதுகூட அதுக்குப் பயந்துக்கினு சொன்னதா ஆயிடும்.”

“அம்மா சும்மா வுடமாட்டாங்க” என்றான் அருண். “ஆனா அவங்களுக்காக நீ அவசரப்படாத. நான் இங்கதான் இருக்கப்போறேன். தெனம் இந்த பெஞ்சுலதான் உக்காந்துக்கினு இருக்கப்போறேன்.”

பாசறைக்குப் போனவனுக்காக வீட்டில் இருப்பவள் காத்திருப்பதுதான் முறை. இங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறவள் பெண். பெஞ்சில் மல்லாட்டையோடு காத்திருக்கிறவன் ஆண். நடுவில் மழைக்கு முன் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடலுக்கு அப்பால் ஒருவன். யார் தலைவன், எது பிரிவு, இதை எந்தத் திணையில் கொண்டுபோய் வைப்பது? ரயிலில் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து விழுப்புரம் வரும்வரை அவர் யோசித்துக்கொண்டே வந்தார். அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

சனிக்கிழமை தேவசகாயம் அவரைக் கண்டதும், “வாங்க, வாங்க. நிச்சயமாமே! சூசையம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. நன்றிப் பூசைதானே?” என்றார்.

“நன்றியா, விண்ணப்பமான்னே எனக்குத் தெரியல, உபதேசியாரே.”

“அது தெரியாம எப்படி வாசிக்கிறது? கோயில்னா ஒரு முறை இருக்குதுல்ல?”

மரியஅந்தோணி பீடத்தைப் பார்த்தார். ‘நிச்சயம்’ என்று வாசித்தால் அது பொய். பேசாமல் இருந்தால் மகள்மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். அருணும் கைநழுவிப் போகலாம்.

“எம் மக கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் வாசிக்காதீங்க” என்றார் கடைசியில். “அந்தப் பட்டாளத்துப் பையனுக்கு ஒரு கருத்து வெச்சா போதும்.”

தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். “அப்ப நெசமாவே ஒரு பையன் இருக்கானா?”

“இருக்கான். கொரியா நாட்டுல. பாட்டுக்காரன். பேரு ஜுன்சோல். இந்தத் தடவை பேரோட வாசிங்க, ஊரோட வாசிங்க. உங்க சொந்தச் சரக்கு ஒண்ணும் வேணாம்.”

“ஞானஸ்நானம் வாங்கினவரா?”

“தெரியாது.”

“சரி, மன்றாடுறதுக்கு அது தடையில்ல. ஆனா மாப்பிள்ளை வீட்டம்மா வந்து உக்காந்திருப்பாங்களே?”

“தெரியும்” என்றார் மரியஅந்தோணி. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறன்று சூசையம்மாள் அதே மூன்றாம் வரிசையில், அதே அரக்குப் பட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அருண் தூணோரத்தில். ஆஷ்லினிடம் மரியஅந்தோணி எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டிருந்தார். கேட்டபோது அவள் அவரையே பார்த்திருந்தாள். அந்தப் பார்வையின் பொருளும் அவருக்கு எட்டவில்லை.

தேவசகாயம் மைக்கைத் தட்டினார். இம்முறை அவர் குரலில் வழக்கமான ஏற்றம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

“ஆலை மரியஅந்தோணி மகள் ஆஷ்லின் விரும்பிக் கேட்கும் பாடல்களைப் பாடுகிறவரும், கொரியா நாட்டைச் சேர்ந்தவரும், தம் நாட்டுச் சட்டப்படி பட்டாளத்துக்குச் சென்றிருப்பவருமான ஜுன்சோல் என்பவர் நலமாகத் திரும்பி வர...”

அடக்கிய சிரிப்பொன்று பாடகர் குழுவில் வெடித்தது. ஆனாலும் சபைக்குப் பழக்கம் பெரிது. “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று கோயில் முழுதும் ஒலித்தது. சூசையம்மாளின் வாயும் அசைந்ததை மரியஅந்தோணி பார்த்தார். அசைந்தபின் அந்த வாய் இறுகிற்று. மீண்டும் ஏதோ ஒன்று அதன் ஓரத்தில் நெளிந்தது. அருண் தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான், தோள்கள் குலுங்கின. ஆஷ்லின் துப்பட்டாவால் முகத்தை முழுதும் மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா?

அடுத்த வரிசையில் யாரோ ஒரு பெண் சூசையம்மாளின் காதில் ஏதோ கேட்டாள். “பாட்டுக்காரன்மா. அந்தப் பொண்ணுக்குப் பாட்டுன்னா உசுரு” என்று சூசையம்மாள் சொன்னது பாதி கேட்டது. கோபமாகத்தான் சொன்னார். என்றாலும், தம் வீட்டுச் சங்கதி ஒன்றைப் பிறத்தியார் குறை சொல்வதற்கு இடங்கொடாத கோபம்போலவும் அது இருந்தது. காப்பிக்கு வருவாரா, பஸ் ஏறிவிடுவாரா? ஞானமேரி இன்றைக்கும் பால் வாங்கிவைத்திருக்கிறாள்.

வருகைப் பாட்டுக்கு எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மரியஅந்தோணி துருத்தியை அழுத்திக் கட்டைகளில் விரல் வைத்தார். அடிக்கோடி சுரத்தில் தொடங்கி மேலே ஏற மனமில்லாததுபோல் ஏறிய ஒரு மெட்டு, அழைக்காமலே அவர் கைக்கு வந்தது. அது வருகைப் பாட்டினுடையதல்ல என்று அவர் உணர்ந்து விரலை எடுப்பதற்குள், துப்பட்டாவுக்குள்ளிருந்து ஆஷ்லின் சட்டென்று தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.